யாழ்ப்பாணத்தில இருந்து மட்டக்களப்புக்குச் சைக்கிளில்: மகாவலியை எந்தப் பக்கத்தால் கடக்கலாம்?

கொக்குவில்சில்லு

வணக்கம். மாசிக் கடைசியில மூண்டு பேர் மட்டக்களப்பு வரைக்கும் சைக்கிளில போறதாய் இருக்கிறம். நாலு நாள் கையில இருக்கு. மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில ஆறெண்டு சொல்ல ஒண்டும் இல்லை. அதால மகாவலியைச் சைக்கிளில கடக்கோணும் எண்டதுதான் இந்தப் பயணத்தின்ர முழு ஆசையும்.

ஒரு வழி: ஏ9 றோட்டால வவுனியா, பிறகு ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, அங்கயிருந்து ஏ15ஆல கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை. மற்ற வழி: ஏ9ஆல மரதன்கடவலை வரைக்கும் இறங்கி, ஏ11ஆல ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி. முல்லைத்தீவு, புல்மோட்டைப் பக்கத்தாலயும் போகலாமெண்டு ஒரு பேச்சு இருக்கு. கிண்ணியாப் பாலம்தானே மகாவலிப் பாலம்?

சைக்கிள் இரண்டு 26 அங்குலம், 21 கியர், ரயர் 1.95. மூண்டாவது 28 அங்குலச் சில்லுள்ள பழைய கரியர் சைக்கிள், கியர் இல்லை, முன்னுக்கு 48 பல்லு, பின்னுக்கு 18. அதில என்னத்தை மாத்தோணும்? பாலத்தில காத்து இழுக்கும் எண்டு சொல்லுறது எவ்வளவு உண்மை? விபரமாய்ச் சொல்லுங்கோ.

வாடைக்காத்து

தம்பி, முதல் ஒண்டைத் திருத்திவிடுறன். கிண்ணியாப் பாலம் மகாவலிக்கு மேல இல்லை. தம்பலகாமத்துக் குடா கொட்டியாரக் குடாவோட சேருற கடல்வாய்க்கு மேல கட்டினது அது. நீளம் 396 மீற்றர். 2009 ஒக்ரோபரில திறக்கேக்க நாட்டிலயே ஆக நீளமான பாலம் அதுதான். அதுக்கு முதல் அங்க பாதைதான் (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவை) ஓடினது. மகாவலி அதுக்கும் அங்கால, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவில வரும். கங்கைப்பாலம் எண்டு கேளுங்கோ, ஆரும் காட்டுவினம். அதோட முடியேல்லை. தெற்கால வாற வெருகலாறும் மகாவலியில இருந்து பிரியுற கிளைதான். ஏ15ஆல போனால் 335 கிலோமீற்றர் ஓடிவந்த ஆற்றைக் கடலுக்குக் கிட்ட இரண்டு தரம் கடப்பீங்கள்.

ஆசை ஆறெண்டால் ஏ15தான். தூரத்தில இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: திருகோணமலையால ஏறக்குறைய 370 கிலோமீற்றர், மன்னம்பிட்டியால 380 வரும். முல்லைத்தீவு வழியை இந்த முறை விடுங்கோ. கொக்கிளாய் முகத்துவாரத்தில பாலம் இல்லை, மணலாற்றுப் பக்கமாய் உள்ளுக்கால சுத்தித்தான் புல்மோட்டைக்கு வரோணும். அந்தச் சுத்தில கடை குறைவு, சைக்கிள் கடை அதிலும் குறைவு. சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் கிழக்குக் கரையாலதான் போறவை, ஆனால் அவையளுக்கு வாரக்கணக்கில நாள் இருக்கு. உங்களுக்கு நாலு.

இப்ப முக்கியமான விசயம். கணக்கை யாழ்ப்பாணத்தில இருந்து முன்னுக்கு எண்ணாதேங்கோ, பாலத்தில இருந்து பின்னுக்கு எண்ணுங்கோ. கிண்ணியாப் பாலத்தையும் கங்கைப்பாலத்தையும் காலமை 9 மணிக்குள்ள கடந்திடோணும். அப்ப காத்தும் குறைவு, பாரவாகனமும் குறைவு. அதுக்கு முதல் நாள் இரவு திருகோணமலையில நிக்கோணும். திருகோணமலைக்குப் பின்னேரம் 4 மணிக்குள்ள வரோணும், ஏனெண்டால் வவுனியா, ஹொரவப்பொத்தானை, முதலிக்குளம் எண்டு வாற றோட்டில யானை நடமாட்டம் இருக்கு; அந்தப் பக்கம் காலமை 6.30க்கு முதலும் பின்னேரம் 5 மணிக்குப் பிறகும் சைக்கிளில நிக்கக்கூடாது. வவுனியாவில இருந்து திருகோணமலை ஏறக்குறைய 100 கிலோமீற்றர். 6.30க்கு மிதிக்கத் தொடங்கினால், மத்தியான ஓய்வு இரண்டு மணித்தியாலத்தையும் சேர்த்து, நேரம் மட்டுமட்டாய்த்தான் இருக்கும். அதால அண்டைக்கு வழியில நிண்டு படம் எடுக்கிறதைக் குறையுங்கோ.

மிச்சம் முதல் நாள், வவுனியா வரைக்கும் 140 கிலோமீற்றர். நாலு நாளிலயும் கடினமானது இதுதான். விடிய 4 மணிக்கு முன் லைற், பின் சிவப்பு லைற்றோட வெளிக்கிட்டால் பொழுது புலர ஆனையிறவுக்குக் கிட்ட நிப்பீங்கள். அங்க இரண்டு பக்கமும் தண்ணி, காத்துக்கு ஒரு மறைவும் இல்லை, காத்து எழும்ப முதல் தாண்டுறது நல்லது. 10 மணிபோல மாங்குளம். 2.30 வரைக்கும் அங்க நிழலில படுங்கோ. மிச்ச 45ஐ வெயில் தாழ ஓடலாம்.

மூண்டாம் நாள் வாகரையோட நிப்பாட்டுங்கோ. வெருகலுக்கும் வாகரைக்கும் இடையிலயும் யானை உண்டு. வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலடிக்கு மத்தியானத்துக்குள்ள வந்தால் நிழலும் தண்ணியும் கிடைக்கும். நாலாம் நாள் லேசு.

கொற்றர்பின்

வழியைப் பற்றி மேல சொன்னதில மாற்றுக் கருத்தில்லை. சைக்கிளைப் பற்றிச் சொல்லுறன்.

28 அங்குலச் சைக்கிளில 48க்கு 18 எண்டால் குறாங்க் (பெடல் பூட்டியிருக்கிற கை) ஒருக்காச் சுத்தச் சைக்கிள் ஏறக்குறைய 6 மீற்றர் போகும். காத்தில்லாத தட்டை றோட்டில அது நல்லது. மூண்டு மணித்தியாலம் எதிர்க்காத்து அடிச்சால் முழங்கால் போயிடும். பின்னுக்கு 20 பல்லுப் பிறீவீல் (பின் பல்சக்கரம்) போட்டால் 5.4 மீற்றர், 22 போட்டால் 4.9. எங்கட பக்கத்தில மலை இல்லை, காத்துத்தான் மலை. 20 போதும்; முழங்கால் நோவு ஏற்கனவே இருக்கிற ஆளெண்டால் 22. பிறீவீல் மாத்தேக்க செயினையும் புதிசாய்ப் போடுங்கோ, பழைய செயின் புதுப் பல்லைத் திண்டிடும். பெரிய பல்லுக்கு ஒரு கண்ணி கூடத் தேவைப்படலாம், பின் அச்சு எவ்வளவு முன்னுக்குத் தள்ளலாம் எண்டதைப் பாத்து வெட்டுங்கோ. கிளிப் பூட்டின்ர மூடின முனை செயின் ஓடுற திசையைப் பாக்கோணும். திருப்பிப் போட்டால் எதிலயும் தட்டிக் கழண்டிடும்.

கியர்ச் சைக்கிள் செயினை அடிமட்டத்தால அளவுங்கோ. ஒரு பின்னின்ர நடுவில இருந்து, அதை விட்டு எண்ணி 24ஆவது பின்னின்ர நடு வரைக்கும் புதுச் செயினில சரியாய் 12 அங்குலம். அது 12ம் பதினாறில ஒரு பங்கும் எண்டு வந்தால் செயின் மாத்துங்கோ. எட்டில ஒரு பங்கு கூடினால் பின் சில்லுப் பல்லும் சேர்ந்து போயிட்டுது எண்டு அர்த்தம்.

கரியர் சைக்கிளில என்ர பேருக்கு உரிய சாமானைப் பாருங்கோ. குறாங்கைப் பிடிச்சு ஆட்டிப் பாக்க ஒரு பக்கம் மட்டும் ஆடினால், குறாங்கை அச்சோட பூட்டுற கொற்றர் பின் தேஞ்சிருக்கு. நட்டை இறுக்கி இதைச் சரிப்படுத்த ஏலாது. புதுப் பின்னைச் சுத்தியலால அடிச்சு இருத்தி, பிறகு நட்டை இறுக்கி, 20 கிலோமீற்றர் ஓடினபிறகு திருப்பி அடிச்சு இறுக்கோணும். அதாலதான் வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் இரவு இந்த வேலையைச் செய்யக்கூடாது. ஒரு கிழமைக்கு முதலே முடியுங்கோ. இடப்பக்கப் பெடலின்ர புரி எதிர்ப்பக்கம் எண்டதும் ஞாபகத்தில இருக்கட்டும்.

நீண்ட ஓட்டத்தில ஆக்களை நடுவழியில விடுறது பஞ்சரில்லை, பின் சில்லுக் கம்பி. பின்னுக்குப் பாரம் ஏத்தினால் பிறீவீல் பக்கக் கம்பிதான் வளைவில முறியும். அந்தப் பக்கக் கம்பி மற்றப் பக்கத்தை விடக் கூட இழுவையில நிக்குது, மிதிக்கிற பலமும் அதாலதான் போகுது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் சரியான நீளத்தில நாலு கம்பி, நிப்பிளோட, சீற் குழாய்க்குள்ள துணி சுத்தி வையுங்கோ. பிறீவீல் கழட்டுற சாவி இல்லாமல் அந்தப் பக்கத்துக் கம்பியைப் போட ஏலாது. சாவி சின்னன், மறக்காமல் கொண்டு போங்கோ. அதைத் திருப்புற பெரிய ஸ்பானர் எந்த வாகனத் திருத்தக் கடையிலும் இருக்கும்.

காத்து: 1.95 ரயருக்குப் பாரத்தோட பின்னுக்கு 50 முதல் 55, முன்னுக்கு 40 முதல் 45 பிஎஸ்ஐ. 28 அங்குல ரயருக்கு அதின்ர பக்கத்தில அடிச்சிருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. வெயிலுக்கு ரியூப் வெடிக்கும் எண்டு காத்தைக் குறைக்கிற பழக்கம் பிழையானது. 50இல அடிச்ச ரயர் 20 பாகை சூடு கூடினாலும் 55ஐத் தாண்டாது. காத்துக் குறைஞ்ச ரயர்தான் பாலத்து இணைப்பு விளிம்பில மோதி, றிம்முக்கும் விளிம்புக்கும் இடையில ரியூப் நசிஞ்சு, பக்கத்தில பக்கத்தில இரண்டு ஓட்டை விழும். ஒண்டை ஒட்டிப்போட்டு மற்றதைக் காணாமல் விட்டால் திருப்பியும் கழட்டோணும்.

இன்னுமொண்டு: பழைய சைக்கிளின்ர வால்வும் கியர்ச் சைக்கிளின்ர கார் வால்வும் வேற வேற. இரண்டுக்கும் பொருந்துற வாய் உள்ள பம் கொண்டு போங்கோ. பழையதுக்கு வால்வு ரியூப் ஒரு அரைச் சாண் துண்டு போதும். வெயிலில அந்த றப்பர்தான் முதல் இளகி ஒட்டும்.

கொக்குவில்சில்லு

நன்றி அண்ணை, இவ்வளவு விபரம் எதிர்பாக்கேல்லை. கம்பி முறிஞ்சு, பக்கத்தில கடையும் இல்லையெண்டால் என்ன செய்யிறது? மன்னம்பிட்டி வழியைப் பற்றியும் ஆராவது சொல்லுங்கோ, ஒருத்தருக்கு அந்தப் பழைய இரும்புப் பாலத்தைப் பாக்க விருப்பம்.

கொற்றர்பின்

முறிஞ்ச கம்பியைப் பக்கத்துக் கம்பியில சுத்திக் கட்டுங்கோ, தொங்க விட்டால் செயினுக்க போகும். வலப்பக்கக் கம்பி முறிஞ்சால் அந்த இடத்தில றிம் இடப்பக்கம் இழுபடும். அதுக்கு இரண்டு பக்கத்திலயும் இருக்கிற இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுத்து இளக்குங்கோ, நெளிவு குறையும். பின் பிறேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, பின்பாரத்தை மற்ற ஆக்களுக்குப் பிரிச்சுக் குடுத்தால் அடுத்த ஊர் வரைக்கும் மெதுவாய் ஓடலாம். இரண்டாவது கம்பியும் முறிஞ்சால் ஓடவேண்டாம், பஸ்ஸில ஏத்துங்கோ.

மூதூர்க்கரை

பாலத்துக் காத்தைப் பற்றிக் கேட்டிருந்தீங்க. உண்மைதான், ஆனா எந்தக் காத்து எண்டதுலதான் விசயம் இருக்கு.

நாம ஓடுறது றோட்டுக்கு இடப்பக்கம். திருகோணமலையில இருந்து மூதூருக்கு வரக்குள்ள கடல் உங்களுக்கு இடக்கைப் பக்கம். வாடையோ கடல்காத்தோ இடப்பக்கத்தால அடிச்சா உங்களை றோட்டு நடுவுக்கு, வாகனத்துக்கு முன்னுக்குத் தள்ளும். வைகாசிக்குப் பிறகு வாற கச்சான் காத்து வலப்பக்கத்தால அடிச்சுக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் தள்ளும். இரண்டுல முதலாவதுதான் ஆபத்து. மாசிக் கடைசியில வாடை தளர்ந்திரும், எண்டாலும் பகல் 11 மணிக்குப் பிறகு கடல்காத்து எழும்பும். 9 மணிக்குள்ள எண்டு மேல வாடைக்காத்து எண்டவர் எழுதினதுக்கு இதுதான் காரணம்.

பாலத்துல ஓரத்தோட ஒட்டாதீங்க. ஓரத்துலதான் மணலும் கண்ணாடித் துண்டும் ஒதுங்கிக் கிடக்கும், காத்து தள்ளக்குள்ள ஒதுங்குறதுக்கு இடமும் இருக்காது. சுவருல இருந்து ஒரு மீற்றர் விட்டு நேரா ஓடுங்க. மூணு பேரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர், இடையில பத்து மீற்றராவது இருக்கட்டும். காத்து வலப்பக்கத்தால அடிக்கிற நேரம் பெரிய பஸ் முந்தினா முதல்ல காத்தை மறைக்கும், அந்த நேரம் நீங்க சரிஞ்சு பிடிச்சிருந்த பக்கத்துக்கே சைக்கிள் போகப் பாக்கும். பஸ் கடந்த உடனே காத்து திரும்ப அறையும். இரண்டு கையும் ஹாண்டில்ல, முழங்கை இளக்கமா இருந்தா சமாளிக்கலாம். தண்ணிப் போத்தல் எடுக்கிறது, கையைக் காட்டுறது எல்லாம் பாலம் முடிஞ்ச பிறகு.

பாலத்துத் தட்டுகள் சேருற இடத்துல குறுக்கால இரும்பு விளிம்பு இருக்கும். சரியா நேராக் கடக்கணும், சாய்வா ஏறினா முன் சில்லு வழுக்கும். இரண்டு பெடலையும் சமமா வச்சு, சீற்றில இருந்து கொஞ்சம் எழும்பி விடுங்க, பின் சில்லுக்கு அடி குறையும். விடியப் பனி விழுந்து இரும்பு ஈரமா இருந்தா அதுக்கு மேல பிறேக் பிடிக்கவே வேணாம். கம்பிப் பிறேக் உள்ள பழைய சைக்கிளுக்கு ஈரத்துல நிக்கிறதுக்குக் கூடத் தூரம் வேணும், அவர் கடைசியா வரட்டும்.

பாரம் கட்டுறதும் காத்தோட சம்பந்தம். கரியர்ல உயரமா அடுக்கி மேல படங்கு போட்டா அது பாய்மரம்தான். பாரமானதைக் கீழ, சில்லுக்கு இரண்டு பக்கமும் தொங்குற பையில சமமாப் பிரியுங்க. ஒரு ஆளுக்கு 8 கிலோவுக்கு மேல வேணாம். கயித்தை விடப் பழைய ரியூப்பை வெட்டின பட்டி நல்லம், அதிர்வுல இளகாது. நுனியைத் தொங்க விடாம உள்ளுக்குச் செருகுங்க, பின் சில்லுல சுத்தினா அந்த இடத்துலயே விழுவீங்க.

ஒண்டு விட்டுப்போச்சு. கார்த்திகை, மார்கழி மழைக்கு மகாவலி பெருகினா மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் றோட்டை மேவும். பாலம் நல்லா நிண்டாலும் பாலத்துக்கு ஏறுற மண்ணணை அரிச்சிருக்கும். தார் ஓரம் உடைஞ்சு உள்ளுக்குப் பொந்தா இருக்கிறது மேல இருந்து பாக்கத் தெரியாது. மாசியில தண்ணி வத்தியிருக்கும், அரிப்பு மட்டும் அப்படியே கிடக்கும். பாலத்துக்கு முன்னும் பின்னும் ஐம்பது மீற்றர் கண்ணை றோட்டுலயே வைங்க. ஆத்தைப் பாக்கணும் எண்டா பாலம் தாண்டி இறங்கி, சைக்கிளை ஓரத்துல நிப்பாட்டிப்போட்டு நடந்து வந்து பாருங்க. பாக்க வேண்டிய ஆறுதான். கடலுக்குக் கிட்ட வந்து அகலிச்சு, அவசரமே இல்லாம போகும்.

தண்டவாளம்

மன்னம்பிட்டிக்காக ஒரு சொல். 1922இல கட்டின இரும்புப் பாலத்தில ரயிலும் வாகனமும் மாறி மாறி ஒரே தளத்தால போய்வந்தது. 2007இல பக்கத்தில 302 மீற்றர் புதுப் பாலம் திறந்தபிறகு வாகனம் எல்லாம் அதால. புதுப் பாலத்தில நிண்டே பழையதை முழுசாய்ப் பாக்கலாம், அழகான வேலைப்பாடு. பழையதில சைக்கிளோட ஏறக்கூடாது, ரயில் ஓடுற பாலம்.

ஆனால் ஹபரணையில இருந்து மின்னேரியா வரைக்கும் யானைக்காடு, பொலன்னறுவைக்கு அங்கால லொறி, பஸ் வேகம். மன்னம்பிட்டிக்குக் கிட்ட கொட்டலீயப் பாலம் ஒடுங்கினது, 2023 ஜூலையில பஸ் ஒண்டு அதில இருந்து ஆற்றில விழுந்து பத்துக்கு மேற்பட்ட ஆக்கள் செத்தவை. அப்பிடியான இடத்தில பின்னுக்கும் முன்னுக்கும் வாகனம் இல்லாத நேரம் பாத்து இறங்கித் தள்ளிக்கொண்டு போறதில ஒரு வெக்கமும் இல்லை. முதல் நெடும்பயணத்துக்கு ஏ15தான் சரி. இரும்புப் பாலம் பாக்க விரும்புறவர் திரும்பி வரேக்க ரயிலால வரட்டும், மட்டக்களப்பு ரயில் அதுக்கு மேலாலதான் போகும். யாழ்ப்பாணத்துக்கு மாகோவில மாறோணும். சைக்கிளைப் பொதியாய் அனுப்புறதுக்கு மட்டக்களப்பு ஸ்ரேசனில முதல் நாளே கேட்டு வையுங்கோ. பெடலைக் கழட்டி, ஹாண்டிலைத் திருப்பிக் கட்டினால் வாங்குறவைக்கும் லேசு.

பனங்கட்டி

தம்பிமார் தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. ஒரு ஆளுக்கு மணித்தியாலத்துக்கு அரை முதல் முக்கால் லீற்றர். ஏ9இல கடை இருக்கு, இரண்டு போத்தல் போதும். வவுனியாவுக்கு அங்காலயும் வெருகல் பக்கமும் மூண்டு லீற்றர் கையில இருக்கோணும். வெறுந்தண்ணியை மட்டும் குடிச்சுக்கொண்டே போனால் உப்புக் குறைஞ்சு தலையிடியும் கால் இழுப்பும் வரும். ஜீவனி (தண்ணியில கரைக்கிற உப்புத்தூள்) ஒரு பைக்கெற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணி, கணக்காய். அரை லீற்றரில கரைச்சு ‘திறமாய்’ குடிச்சால் வயித்தாலதான் போகும்.

சாப்பாட்டைப் பசிக்க முதல் சாப்பிடுங்கோ. ஓடுற நேரம் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு இதரை வாழைப்பழமோ, எள்ளுப்பாகுத் துண்டோ, பனங்கட்டிக் குட்டானில பாதியோ. பெரிய சோத்துச் சாப்பாடு இரவுக்கு. மத்தியானம் பாணும் பருப்பும் எண்டால் படுத்தெழும்பி உடன மிதிக்கலாம்.

இன்னுமொண்டு. மாசியிலயும் 11 முதல் 2.30 வரைக்கும் வெயில் கொல்லும். வேர்வை நிண்டு, தோல் சூடாய், கதை தடுமாறினால் அது களைப்பில்லை, வெக்கை அடிச்சது. நிழலில கிடத்தி, கழுத்திலயும் கமக்கட்டிலயும் ஈரத்துணி வைச்சு, 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

கொக்குவில்சில்லு

எல்லாருக்கும் நன்றி. ஏ15 எண்டு முடிவு. அதுக்கு முதல் ஒரு பழக்க ஓட்டம் வேணும், எங்க ஓடலாம்?

வாடைக்காத்து

நாவற்குழி, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, பரந்தன், ஆனையிறவு, திரும்ப யாழ்ப்பாணம். ஒரு சுத்து 110 முதல் 120 கிலோமீற்றர். 2011 தையில திறந்த 288 மீற்றர்ப் பாலம், இரண்டு பக்கமும் வெளி, அசல் கடல்காத்து. கிண்ணியாவுக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. மட்டக்களப்புக்குக் கொண்டு போற முழுப் பாரத்தையும் கட்டிக்கொண்டு, புதுப் பிறீவீல், புதுக் கொற்றர் பின்னோட ஓடுங்கோ. வெளிக்கிடுறதுக்கு இரண்டு கிழமைக்கு முதல் ஓடினால் நல்லது, ஏதும் பிழைச்சால் திருத்த நேரம் இருக்கும். திரும்பி வந்து பின் சில்லைச் சுழல விட்டுப் பாருங்கோ. பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடைவெளி சுத்துக்குச் சுத்து மூண்டு மில்லிமீற்றருக்கு மேல மாறினால் கம்பி இளகியிருக்கு, கடையில குடுத்து நேராக்குங்கோ.